சட்டை செய்யாதவர்களின் சட்டை

1906 அக்டோபர் 16. பெர்லினை ஒட்டியிருந்த கோப்பெனிக் என்ற சிறுநகரத்தில் ராணுவ கேப்டன் ஒருவர் சில சிப்பாய்களோடு ரயிலில் வந்து இறங்கினார். நேராக நகர மன்றத்துக்குப் போனார். வாசல்களில் காவல் நிறுத்தினார். நகரத் தலைவரைக் கைது செய்து பெர்லினுக்கு அனுப்பிவைத்தார். கருவூலத்தில் இருந்த பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அதற்கு ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உத்தரவைக் காட்டு என்று கடைசிவரை வற்புறுத்திக் கேட்க அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அந்த கேப்டன் உண்மையில் வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. வயது 57. வாழ்நாளில் நெடுங்காலத்தைச் சிறையில் கழித்தவர். பழைய துணிக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த சீருடையை மாட்டிக்கொண்டு, தெருவில் எதிர்ப்பட்ட சிப்பாய்களை அதட்டிப் பின்னால் வரவைத்தார், அவ்வளவுதான். பத்து நாளில் பிடிபட்டார். நான்காண்டு சிறை விதித்தார்கள். ஆனால் ஜெர்மனி முழுக்கச் சிரித்துத் தீர்த்துவிட்டதால், 1908இல் பேரரசரே மன்னித்து விடுவித்தார்.

அதே கோப்பெனிக்கில், 1933 ஜூன் மாதம், பழுப்புச் சட்டை அணிந்த நாஜிக் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கம்யூனிஸ்டுகள், யூதர்கள் என நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துப் போனார்கள். அடித்தும் வதைத்தும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ‘கோப்பெனிக் ரத்த வாரம்’ என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஃபோய்க்ட் அணிந்தது அரசின் உடை. அவர் அதற்கு உரியவர் அல்லர். 1933இல் வந்தவர்கள் அணிந்திருந்தது ஒரு கட்சியின் சட்டை. அது அரசின் உடையாகவே ஆகியிருந்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அது எப்படி நடந்தது என்பதுதான் பாசிசச் சீருடையின் கதை.

சட்டையை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்கள் பாசிஸ்டுகள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படை ‘செஞ்சட்டைகள்’ என்று பெயர் பெற்றது. அந்தச் சிவப்புக்குப் புரட்சிக் காரணம் எதுவும் கிடையாது. 1840களில் கரிபால்டி தென்னமெரிக்காவின் மான்டெவிடியோ நகரத்தில் இத்தாலியத் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புவனோஸ் ஐரிஸின் இறைச்சிக் கொட்டகைகளுக்காகத் தயாரித்த கம்பளிச் சட்டைகள் போர் முற்றுகையால் விலை போகாமல் அங்கே தேங்கிக் கிடந்தன. மாடறுக்கும் தொழிலாளிக்கு ரத்தக் கறை தெரியாத நிறம் வேண்டும் அல்லவா, அதனால் சிவப்பு. மலிவாகக் கிடைத்ததை வாங்கி உடுத்தினார்கள். 1860இல் ஆயிரம் பேரோடு சிசிலிக்குப் போய் இறங்கியபோது அந்தக் கசாப்புக் கடைச் சட்டை ஒரு தேசத்தின் அடையாளமாகிவிட்டது.

இதை நான் வெறும் சுவைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் ஏறக்குறைய எல்லாச் சட்டைகளின் பிறப்பும் இப்படித்தான்: கையில் கிடைத்த மலிவுத் துணி முதலில், அதற்கு மகத்தான விளக்கம் பிறகு.

முதல் உலகப் போரில் இத்தாலிய ராணுவத்தில் ‘அர்திதி’ என்றொரு அதிரடிப் பிரிவு இருந்தது. துணிந்தவர்கள் என்று பொருள். எதிரியின் பதுங்குகுழிக்குள் கைக்குண்டோடும் குத்துவாளோடும் குதிப்பது அவர்கள் வேலை. கழுத்துப் பட்டையில் கருஞ்சுடர் முத்திரை, குஞ்சம் வைத்த கறுப்புத் தொப்பி, பல்லில் குத்துவாளைக் கவ்விய மண்டையோடு இவையெல்லாம் அவர்களுடையவை. போர் முடிந்ததும் இந்த இளைஞர்களுக்கு வேலையும் இல்லை, மதிப்பும் இல்லை. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரத்தின் சான் செபோல்க்ரோ சதுக்கத்து மண்டபம் ஒன்றில் முசோலினி தன் இயக்கத்தைத் தொடங்கியபோது, வந்தவர்களில் அர்திதிகள் முக்கியமானவர்கள். அந்தக் கறுப்பு அவர்களோடு வந்தது. வட இத்தாலியின் வேலையாட்கள் கறுப்புச் சட்டை அணிவது ஏற்கனவே வழக்கம். எனவே துணிக்கும் பஞ்சமில்லை.

மற்ற சடங்குகளைக் கவிஞர் ஒருவர் தந்தார். காப்ரியேலே தனுன்ஸியோ 1919 செப்டம்பரில் படையோடு புகுந்து ஃபியூமே துறைமுக நகரைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து மாதம் அங்கே தனி ராஜ்ஜியம் நடத்தினார். மாடத்தில் நின்று பேசுவது, கீழே நிற்கும் கூட்டம் கேள்விக்குப் பதிலாக ஒரே குரலில் முழங்குவது, கையை நீட்டி வணங்குவது எல்லாம் அங்கே ஒத்திகை பார்க்கப்பட்டவை. அந்தக் கை நீட்டலை ‘ரோமானிய வணக்கம்’ என்பார்கள். பழைய ரோமானியர்கள் அப்படி வணங்கினார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. பிரெஞ்சு ஓவியர் டாவிட் 1784இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் மூன்று சகோதரர்கள் வாள்களை நோக்கிக் கை நீட்டி உறுதி எடுப்பார்கள். அங்கிருந்து நாடக மேடைக்கும், பிறகு ஊமைப் படங்களுக்கும் போய், அரசியலுக்கு வந்த பாவனை அது. இரண்டாயிரம் ஆண்டு மரபு என்று நம்பிக் கை தூக்கியவர்கள் பின்பற்றியது ஓர் ஓவியனின் கற்பனையை.

இயக்கத்துக்குப் பெயர் தந்த சின்னமும் இரவல்தான். ‘ஃபாஷோ’ என்றால் கட்டு. கழிகளைச் சேர்த்துக் கட்டி நடுவே கோடரி செருகிய கட்டு, ரோமானிய நீதிபதிகளுக்கு முன்னால் ஏவலர்கள் தூக்கிச் சென்ற அதிகாரச் சின்னம். கழி அடிப்பதற்கு, கோடரி வெட்டுவதற்கு. ஆனால் 1890களில் இத்தாலியில் அந்தச் சொல்லைக் கேட்டால் நிலப்பிரபுக்கள் நடுங்கியிருப்பார்கள்: சிசிலியின் ஏழை விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் அமைத்த சங்கங்களுக்கு ‘ஃபாஷி’ என்றுதான் பெயர். இடதுசாரிகளின் சொல்லை எடுத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் மண்டையிலேயே அடித்தார்கள்.

அர்திதிகளிடமிருந்து வந்த முழக்கம் ஒன்று உண்டு: ‘மெ நெ ஃப்ரேகோ’. கொச்சையான சொல், நாகரிகமான மேடையில் சொல்லக்கூடாதது. மற்ற மொழிகளில் இதை மொழிபெயர்க்கத் திணறுவார்கள். நமக்குச் சிரமமே இல்லை. ‘நான் சட்டை செய்யமாட்டேன்’ என்பதுதான் அது. சாவைச் சட்டை செய்யமாட்டேன், சட்டத்தைச் சட்டை செய்யமாட்டேன். சொன்னவர்கள் சட்டையால் பெயர் பெற்றவர்கள் என்பது தமிழில் மட்டுமே நேரும் வேடிக்கை.

1920 இறுதியிலிருந்து போ ஆற்றுச் சமவெளியில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பொலோனியா, ஃபெராரா மாவட்டங்களில் விவசாயக் கூலிகளின் சங்கங்கள் வலுவாக இருந்தன. கூலியையும் ஆள் எண்ணிக்கையையும் சங்கமே முடிவு செய்தது. நிலவுடைமையாளர்கள் கருஞ்சட்டைப் படைகளுக்குப் பணம் கொடுத்தார்கள், லாரி கொடுத்தார்கள். ராத்திரியில் லாரி ஊருக்குள் நுழையும். இருபது முப்பது பேர் குதிப்பார்கள். கையில் ‘மங்கனெல்லோ’ என்ற குண்டாந்தடி. சங்க அலுவலகத்தைக் கொளுத்திவிட்டு, தலைவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, வாயைப் பிளந்து அரை லிட்டர், ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். பிறகு தெருவில் விட்டுவிடுவார்கள்.

விளக்கெண்ணெய் குடித்த பிள்ளைப்பருவ நினைவு நம்மில் பலருக்கு உண்டு. ஒரு கரண்டிக்கே என்ன பாடு என்று தெரியும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிச் செத்தவர்களும் உண்டு. ஆனால் நோக்கம் கொல்வது இல்லை. ஊரே மதிக்கும் ஐம்பது வயதுக்காரர், தன் தெருவில், தன் பிள்ளைகள் பார்க்க, உடுத்திய துணியை அசிங்கமாக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அடித்தவர்களின் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். அடிபட்டவரின் உடை நாறும். இந்த வன்முறையில் உடுப்பு வெறும் அலங்காரமாக இருந்ததே இல்லை. 1921இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 119 தொழிலாளர் மன்றங்களும் 107 கூட்டுறவுச் சங்கங்களும் அழிக்கப்பட்டதாக அக்காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறது.

போலீஸ் என்ன செய்தது என்றால், பெரும்பாலான இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றது. சில இடங்களில் துப்பாக்கியையும் கொடுத்தது. கருஞ்சட்டை எதிரிக்குக் காட்டிய அச்சத்தை விட, போலீஸ்காரருக்கும் நீதிபதிக்கும் காட்டிய அடையாளம் பெரிது: ‘இவன் நம்ம ஆள், இவனைப் பிடிக்காதே.’ சாதாரண உடையில் ஒருவன் கடையைக் கொளுத்தினால் ரௌடி. அதையே ஐம்பது பேர் ஒரே நிறச் சட்டையில், வரிசையில் வந்து செய்தால், அது ஏதோ நடவடிக்கை போலத் தோன்றிவிடுகிறது. கோப்பெனிக் செருப்புத் தொழிலாளி கண்டுபிடித்த அதே ரகசியம்தான்.

1922 அக்டோபர் 28 அன்று நடந்த ‘ரோம் நோக்கிய அணிவகுப்பு’ இதன் உச்சம். மழையில் நனைந்து, பாதிப் பேர் ஆயுதமில்லாமல், சோற்றுக்கு வழியில்லாமல் சில பத்தாயிரம் கருஞ்சட்டையினர் தலைநகருக்கு வெளியே நின்றார்கள். ராணுவம் நினைத்திருந்தால் ஒரு பொழுதில் கலைத்திருக்கலாம். அவசர நிலை ஆணையில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முசோலினி மிலானிலிருந்து படுக்கை வசதி ரயிலில் வந்து பிரதமரானார். அவர் அணிவகுக்கவே இல்லை. அடுத்த ஆண்டே கருஞ்சட்டைப் படை ‘தேசப் பாதுகாப்புத் தொண்டர் படை’ என்ற பெயரில் அரசின் சம்பளப் பட்டியலுக்குள் வந்தது. பிரிவுகளுக்குப் பழைய ரோமானியப் படைப் பெயர்கள், அதிகாரிகளுக்கு ‘கான்சல்’, ‘சென்டூரியன்’ என்ற பட்டங்கள். நேற்றுவரை லாரியில் போய்க் குடிசை கொளுத்தியவர் இன்று சென்டூரியன்.

ஜெர்மனியில் கதை இன்னும் தடுமாற்றத்தோடு தொடங்குகிறது. 1921இல் நாஜிக் கட்சி தன் கூட்டங்களுக்குக் காவலாகவும் பிறர் கூட்டங்களுக்குத் தொல்லையாகவும் ஓர் அடியாள் படையைச் சேர்த்தது. முதலில் அதற்கு ‘உடற்பயிற்சி, விளையாட்டுப் பிரிவு’ என்று பெயர், பிறகுதான் ‘எஸ்.ஏ.’ என்ற தாக்குதல் படை ஆயிற்று. அப்போது அவர்களிடம் பழுப்புச் சட்டை கிடையாது. சாம்பல் நிறக் காற்றுச்சட்டை, பனிச்சறுக்குத் தொப்பி, கையில் ஸ்வஸ்திகா பட்டை. 1923 நவம்பரில் மியூனிக் கவிழ்ப்பு முயற்சியில் தோற்று ஓடியதும் இந்த உடையில்தான்.

பழுப்பு நிறம் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிப் படைகளுக்காகத் தைத்த வெப்பமண்டலச் சட்டைகள், போரில் காலனியே கைவிட்டுப் போனதால், உடுத்த ஆளில்லாமல் ஆஸ்திரியாவில் கிடந்தன. ஆஸ்திரியாவுக்குத் தப்பிப்போயிருந்த கெர்ஹார்ட் ரோஸ்பாக் என்ற பழைய கூலிப்படைத் தலைவர் 1924 வாக்கில் அந்த மிச்சச் சரக்கை வாங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்தார். 1926இல் அதுவே எஸ்.ஏ.வின் அதிகாரபூர்வச் சீருடை. ஜெர்மானிய மண்ணின் நிறம் என்று பின்னாளில் கவிதை பாடப்பட்ட பழுப்பு, யானை திரியும் காட்டுக்காகச் சாயம் போட்ட துணி.

இந்த உடுப்பின் வணிகப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் வியப்பாக இருக்கிறது. எஸ்.ஏ.காரர் தன் சீருடையைத் தானே காசு கொடுத்து, கட்சியின் சொந்தக் கடையில் வாங்க வேண்டும். 1929இல் டிரெஸ்டன் நகரில் ‘ஸ்டுர்ம்’ என்ற சிகரெட் கம்பெனி எஸ்.ஏ.வோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ‘டிரம்லர்’, ‘அலாரம்’ என்று படைவாடை வீசும் பெயர்கள். விற்கும் பெட்டிகளுக்கு ஏற்ப எஸ்.ஏ.வுக்குப் பங்கு. தொண்டர்கள் வேறு சிகரெட் புகைக்கக்கூடாது. பையைச் சோதித்து அபராதம் போட்டார்கள். பெட்டிக்குள் ராணுவச் சீருடைகளின் வண்ணப் படங்கள், சிறுவர்கள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதுபோல் சேர்ப்பதற்கு. வேலையில்லாதவனின் புகையிலைக் காசில் அவனை அடியாளாக வைத்திருக்கும் செலவு ஈடுகட்டப்பட்டது.

1932இல் எஸ்.ஏ.வில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். அந்த ஆண்டு ஜெர்மனியில் அறுபது லட்சம் பேருக்கு வேலையில்லை. சட்டையோடு ஒரு தங்குமிடமும் சூப்பும் கூட்டாளிகளும் கிடைத்தன என்பதை மறந்துவிட்டு, வெறும் வசீகரத்தால் சேர்ந்தார்கள் என்பது பாதி உண்மை.

அரசு தடுக்கவில்லையா? தடுத்தது, அரைமனதாக. 1930 ஜூனில் பிரஷ்ய மாநிலம் பழுப்புச் சட்டையைத் தடை செய்தது. மறுநாள் முதல் வெள்ளைச் சட்டையில் அணிவகுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று நாடாளுமன்றம் கூடியபோது 107 நாஜி உறுப்பினர்களும் அவைக்குள் பழுப்புச் சட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். 1932 ஏப்ரலில் எஸ்.ஏ. படையே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. ஜூனில் புதிய பிரதமர் பாப்பன் தடையை நீக்கினார். ஜூலை 17 அன்று ஹாம்பர்கை ஒட்டிய அல்டோனாவின் தொழிலாளர் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீருடைக்காரர்கள் ஊர்வலம் போக, நடந்த துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள்.

சின்னங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் கோயில் வாசலிலும் இருக்கும் ஸ்வஸ்திகா எப்படி அங்கே போனது என்று எல்லோரும் கேட்பார்கள். 1870களில் ஜெர்மன் அகழாய்வாளர் ஷ்லீமன் டிராய் நகர அகழாய்வில் அந்தக் குறி பதித்த பொருள்களைக் கண்டெடுத்தார். ‘ஆரியர்’ என்ற சொல் மொழி ஆய்விலிருந்து நழுவி இனவாதத்துக்குள் விழுந்துகொண்டிருந்த காலம். ஜெர்மன் இனவாதக் குழுக்கள் அதைத் தங்கள் முன்னோரின் குறி என்று சொந்தம் கொண்டாடின. 1920 மார்ச்சில் பெர்லினில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்திய எர்ஹார்ட் படையினர் தங்கள் இரும்புத் தொப்பியில் அதைத் தீட்டியிருந்தார்கள். நாஜிக் கொடியில் அது ஏறியது அதே ஆண்டின் கோடையில். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் ‘கொக்கிச் சிலுவை’. இந்தியாவிலிருந்து யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கோலத்தில் போடுகிறவர்கள் அதற்காகக் கூசவும் வேண்டாம். ஐரோப்பாவில் அதைக் கண்டு ஒரு முதியவர் முகம் வெளுத்தால், நம் மரபை விளக்க அது நேரமும் இல்லை.

ஹிட்லரின் மெய்க்காவலாகத் தொடங்கிய எஸ்.எஸ். படையின் கறுப்புச் சீருடை 1932இல் வந்தது. கார்ல் டீபிட்ஷ், வால்டர் ஹெக் இருவரும் வடிவமைத்தார்கள். ஹியூகோ பாஸ் வடிவமைத்தார் என்று இணையத்தில் சுற்றும் செய்தி தவறு. மெட்சிங்கன் ஊரில் அவருடைய தையலகம் கட்சிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தது, போர்க் காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து. அதுவே போதுமான பழி. தொப்பியில் இருந்த மண்டையோடு பிரஷ்யக் குதிரைப் படையினர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அணிந்தது. கழுத்துப் பட்டையின் இரட்டை மின்னல், பழைய ரூன் எழுத்து என்ற பெயரில், வியன்னாவின் மாயாவாதி ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணை மூடித் ‘தரிசித்த’ எழுத்து வரிசையை ஒட்டியது.

இனி அந்த 27 ஆண்டுக் கேள்விக்கு வருவோம். விடை ஒரு முழம் வெள்ளைத் துணியில் இருக்கிறது. 1933 பிப்ரவரி 22 அன்று, ஹிட்லர் பிரதமராகி மூன்று வாரம் ஆகியிருந்தபோது, பிரஷ்ய உள்துறையைக் கையில் வைத்திருந்த கோரிங் ஐம்பதாயிரம் பேரைத் துணைப் போலீசாக நியமித்தார். எஸ்.ஏ., எஸ்.எஸ்., ‘இரும்புத் தொப்பி’ என்ற முன்னாள் படைவீரர் சங்கம் இவற்றின் ஆட்கள் அவர்கள். புதிய சீருடை தைக்கவில்லை. பழுப்புச் சட்டையின் கைமேல் ‘துணைப் போலீஸ்’ என்று எழுதிய வெள்ளைப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். முந்தைய நாள் வரை போலீஸ் தேடிய ஆள் மறுநாள் போலீஸ். மார்ச்சில் ஒரானியன்பர்க் ஊரின் பழைய மதுத் தொழிற்சாலையில் எஸ்.ஏ. தன் வதைமுகாமைத் திறந்தது. ஜூனில் கோப்பெனிக்.

வேலை முடிந்ததும் அவர்களும் வேண்டாதவர்களானார்கள். இத்தாலியில் படையை அரசுக்குள் இழுத்துக் கட்டிப்போட்டார் முசோலினி. ஹிட்லர் 1934 ஜூன் 30 அன்று தொடங்கி எஸ்.ஏ. தலைவர்களைச் சுட்டுத் தள்ளினார். முப்பது லட்சத்துக்கு மேல் ஆள் வைத்திருந்த ஏர்ன்ஸ்ட் ரோம் சிறை அறையில் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் கறுப்புச் சீருடைக்காரர்கள்.

இதற்குள் உலகமெங்கும் சட்டை மோகம் பரவிவிட்டது. ருமேனியாவில் பச்சைச் சட்டை, கழுத்தில் தாய்மண் முடிந்த சிறு பை. ஸ்பெயினில் தொழிலாளியின் நீல நிறம். பிரேசிலில் பச்சைச் சட்டையும் கையில் ‘சிக்மா’ எழுத்தும்; வணக்கச் சொல்லை மட்டும் ‘அனவே’ என்று பழங்குடி மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹிட்லர் பதவியேற்ற மறுநாளே அமெரிக்காவில் ‘வெள்ளிச் சட்டைகள்’ பிறந்தன. நிறம் தீர்ந்துபோகும் அளவுக்கு ஆகிவிட்டது.

அயர்லாந்தின் நீலச்சட்டைகள் கதை தனி. 1934இல் டி வலேரா அரசு அரசியல் சீருடைகளைத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தது. எதிர்க்கட்சியின் ஜான் காஸ்டெல்லோ எழுந்து, இத்தாலியில் கருஞ்சட்டை வென்றது, ஜெர்மனியில் ஹிட்லர் சட்டை வென்றது, இங்கே நீலச்சட்டையும் வெல்லும் என்று அவைக் குறிப்பில் ஏறும்படி பேசினார். கீழவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை நிராகரித்தது. மறுநாளே டி வலேரா மேலவையையே ஒழிக்கும் மசோதாவைத் தாக்கல் செய்தார். 1936இல் அது ஒழிந்தும் போனது. நீலச்சட்டைகளும் உட்பூசலில் கரைந்துபோயின. 1948இல் காஸ்டெல்லோ அயர்லாந்தின் பிரதமரானார். சட்டையைப் பற்றி அப்போது அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் மோஸ்லி வாள்வீச்சு விளையாட்டுக்காரர். தன் பாசிஸ்டுகளுக்கு வாள்வீச்சு அங்கியைப் போல, முன்புறம் பொத்தானில்லாத, கழுத்தை ஒட்டிய கருஞ்சட்டையைக் கொடுத்தார். கைகலப்பில் எதிரி பிடித்து இழுக்கக் காலரும் இல்லை, டையும் இல்லை. 1936 அக்டோபர் 4 அன்று லண்டன் கேபிள் தெருவில் யூதர்களும் அயர்லாந்துத் துறைமுகத் தொழிலாளர்களும் வழிமறித்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1937 ஜனவரி முதல் அரசியல் சீருடை அணிவது அங்கே குற்றம். சீருடை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1970களில் ஐரிஷ் குடியரசுவாதிகள் இறுதி ஊர்வலம் ஒன்றில் கறுப்புப் பெரே தொப்பி அணிந்து வந்தபோது, பலர் சேர்ந்து ஒரே மாதிரி அணிந்தால் தொப்பி மட்டுமே சீருடையாகிவிடும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்தியாவிலும் இந்தக் காற்று அடித்தது. இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமுக்குப் போய் முசோலினியைச் சந்தித்தார், சிறுவர் படைகளைப் பார்வையிட்டார். பின்னர் நாசிக்கில் ராணுவப் பள்ளி தொடங்கினார். 1931இலேயே மஷ்ரிகி என்பவர் தொடங்கிய காக்சார் இயக்கம் காக்கி உடுத்தி, தோளில் மண்வெட்டியோடு அணிவகுத்தது. ஆனால் சட்டையைப் பார்த்து ஆளை எடை போட்டால் ஏமாந்துபோவோம். எல்லைப்புற மாகாணத்தில் கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டையினர் ஆயுதம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறது என்பதற்காகச் செங்கல் நிறச் சாயம் தோய்த்தார்கள். தமிழ்நாட்டில் கருஞ்சட்டை என்றால் பெரியார். 1945இல் அமைந்த கருஞ்சட்டைப் படைக்குக் கறுப்பு, சமூகத்தில் சுமத்தப்பட்ட இழிவின் அறிகுறி. மதுரையில் 1946இல் அவர்களுடைய மாநாட்டுப் பந்தல்தான் எரிந்தது. 1948இல் அரசு தடை செய்ததும் அவர்களைத்தான். இத்தாலியில் கருஞ்சட்டையைப் பார்த்துப் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இங்கே போலீஸ் தேடி வந்தது.

1943 ஜூலை 25 அன்று மன்னர் முசோலினியைக் கைது செய்ய உத்தரவிட்டார். கடைசி மூச்சுவரை காப்போம் என்று உறுதி எடுத்திருந்த படை ஒரு துப்பாக்கியும் சுடவில்லை. பாம்பு சட்டையுரிப்பதுபோல் ஒரே இரவில் கருஞ்சட்டைகள் கழன்றன.

போருக்குப் பிறகு ஜெர்மனி நாஜிச் சின்னங்களையும் பொது இடத்தில் அரசியல் சீருடையையும் தடை செய்தது. தடை உள்ள இடத்தில் கண்ணாமூச்சியும் இருக்கும். ‘லான்ஸ்டேல்’ என்ற பிரிட்டிஷ் விளையாட்டு உடைச் சட்டையை நவநாஜி இளைஞர்கள் தேடி வாங்கினார்கள்: மேலே ஜாக்கெட்டைத் திறந்து போட்டால் நடு எழுத்துகள் மட்டும் தெரியும், அவை நாஜிக் கட்சியின் ஜெர்மன் பெயர்ச்சுருக்கத்தின் முதல் நான்கு எழுத்துகள். அந்த நிறுவனம் பதறிப்போய் இனவெறி எதிர்ப்புப் பிரசாரங்களுக்குப் பணம் கொடுத்தது. அமெரிக்காவில் ‘பிரவுட் பாய்ஸ்’ என்ற தீவிர வலதுசாரிக் கும்பல் ஃப்ரெட் பெர்ரி என்ற பிரிட்டிஷ் உடை நிறுவனத்தின் கறுப்பு, மஞ்சள் சட்டையைச் சீருடையாக்கிக்கொண்டதால், அந்த நிறச் சட்டையை அங்கே விற்பதையே நிறுத்திவிட்டதாக 2020இல் அந்நிறுவனம் அறிவித்தது. 2017இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரத்தில் வெள்ளை இனவாதிகள் நடத்திய பேரணிக்கு வந்தவர்களில் பலர் வெள்ளை டி-சர்ட்டும் காக்கி பேன்ட்டும். விடுமுறை நாளில் கடைக்குப் போகிறவர்களைப் போல.

1932 வசந்தத்தில் ஹைடல்பர்க் நகரத் தெருவில் செர்கேய் சக்கோடின் என்ற ரஷ்ய உயிரியலாளர் நடந்துபோனார். பாவ்லோவிடம் பயின்றவர். சுவரில் பெரிய ஸ்வஸ்திகா. அதன் குறுக்கே யாரோ ஒரு தொழிலாளி கோபத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்திருந்தார். அழிக்கத் தேவையில்லை, குறுக்கே கோடு போட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. ஒற்றைக் கோடு மூன்று சரிவு அம்புகளானது. நாஜி எதிர்ப்பு இரும்பு முன்னணியின் சின்னமானது. சாக்பீஸ் வைத்திருக்கும் எவரும் நொடியில் போடலாம். எதிரி அதன்மேல் ஸ்வஸ்திகா வரைந்தாலும், அடித்துவிடப்பட்ட ஸ்வஸ்திகாவாகத்தான் தெரியும். தேர்தலில் அது வெல்லவில்லை.

2006இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம், குறுக்கே கோடு போட்ட ஸ்வஸ்திகா பதித்த டி-சர்ட்டுகளையும் பட்டன்களையும் விற்ற நாஜி எதிர்ப்பு வணிகர் ஒருவருக்கு 3,600 யூரோ அபராதம் விதித்தது. தடை செய்யப்பட்ட சின்னம் எந்த வடிவில் இருந்தாலும் தடைதான் என்பது வாதம். மேல்முறையீட்டில், 2007 மார்ச் 15 அன்று, கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சின்னத்தின் மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது தீர்ப்பு.